உங்களுக்குத் தெரியுமா? பெங்களூரு சைட் கணக்குகள்

பெங்களூருவில் எந்தப் பேட்டைக்குப் போனாலும் பச்சை வலை போர்த்திய கட்டடம் ஒன்றாவது கண்ணில் படும். வாசல் போர்டில் பில்டர் பெயர் பெரிதாகவும், ஆர்க்கிடெக்ட் பெயர் கொஞ்சம் சிறிதாகவும் இருக்கும். எந்த வேலை எந்த நாளில், யார் கையால், என்ன செலவில் நடக்கும் என்று காலையில் இருந்து ராத்திரி வரை கணக்குப் பார்க்கிற ஆளின் பெயரை அங்கே தேடினாலும் கிடைக்காது. கட்டுமான மேலாண்மை என்று கல்லூரியில் பட்டம் கொடுக்கிற வேலை அதுதான். இந்த வாரம் துணுக்குகள் எல்லாம் அந்த வேலையைப் பற்றி.

★

ரெடிமிக்ஸ் லாரியில் கான்கிரீட்டை ஏற்றியதிலிருந்து 2 மணி நேரத்துக்குள் இறக்கிவிட வேண்டும் என்கிறது ஐ.எஸ். 4926 என்ற இந்தியத் தரநிலை. சிமென்ட்டில் தண்ணீர் பட்டதுமே கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். இறுகுவதைத் தள்ளிப்போட ரசாயனம் சேர்க்கலாம். ஆனாலும் சில்க் போர்டு சந்திப்பில் ஒரு தடவை மாட்டியவர்களுக்கு 2 மணி நேரம் என்பது எவ்வளவு சின்ன நேரம் என்று சொல்லத் தேவையில்லை. கூட்ட நேரங்களில் கனரக வண்டிகளுக்குப் போலீஸ் கட்டுப்பாடு வேறு. அதனால்தான் இந்த ஊரில் பெரிய தளங்கள் பலவும் ராத்திரியில் போடப்படுகின்றன. பக்கத்து வீட்டுக்காரர் தூக்கம் கெட்டுச் சண்டைக்கு வருவதும் அதனால்தான்.

அந்த ராத்திரி வேலையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். லாரி வந்ததும் சைட் இன்ஜினியர் முதலில் டிரைவரிடம் சலானை வாங்குவார். பிளான்ட்டில் எத்தனை மணிக்கு ஏற்றினார்கள் என்று பார்ப்பார். அடுத்து, தலைகீழ் பக்கெட் மாதிரி 30 சென்டிமீட்டர் உயரக் கூம்பு ஒன்றில் கலவையை நிரப்பிக் கம்பியால் குத்தி, கூம்பை மெதுவாக மேலே தூக்குவார்கள். கலவை எவ்வளவு இறங்குகிறது என்று ஸ்கேல் வைத்து அளந்தால் அதுதான் ஸ்லம்ப். குறைவாக இறங்கினால் கலவை கெட்டியாகிவிட்டது என்று அர்த்தம், பம்ப்பில் போகாது. அப்போது யாராவது ஒருவர், “சார், கொஞ்சம் தண்ணி விட்டுக்கலாமா?” என்பார். இதற்கு மாட்டேன் என்று சொல்வதற்காகத்தான் அந்த இன்ஜினியருக்குச் சம்பளம். தண்ணீர் கூடினால் கலவை வழுக்கிக்கொண்டு போகும், பலம் போய்விடும். ஒரு லாரியைத் திருப்பி அனுப்பினால் அடுத்த லாரி வருவதற்குள் ஏற்கனவே போட்ட பகுதி இறுகி, பழையதும் புதியதும் ஒட்டாமல் நடுவே ‘கோல்டு ஜாயின்ட்’ விழும். அதற்குப் பயந்துதான் வண்டிகளின் இடைவெளியை முதல் நாளே தாளில் எழுதி வைக்கிறார்கள்.

★

கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்னால் கையெழுத்தாகும் ஒரு தாள் உண்டு. ‘போர் கார்டு’ என்பார்கள். கம்பி எண்ணிக்கை சரியா, முட்டு அசையாமல் இருக்கிறதா, கம்பிக்கும் பலகைக்கும் நடுவே கவர் பிளாக் இருக்கிறதா (ஸ்லாபுக்குக் குறைந்தது 20 மில்லிமீட்டர், தூணுக்கு 40), எலக்ட்ரிக்கல் பைப் போட்டாயிற்றா, பிளம்பர் விட வேண்டிய ஓட்டை விட்டாயிற்றா? ஒவ்வொரு பிரிவுக்காரரும் கையெழுத்துப் போட்டால்தான் பம்ப் ஓடும். பாத்ரூம் ஓட்டையை மறந்துவிட்டுப் பிறகு தளத்தை உடைக்கும் சத்தம் உங்கள் பக்கத்துக் கட்டடத்தில் கேட்டால், போர் கார்டே இல்லாமல் வேலை நடந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

★

15 சென்டிமீட்டர் கான்கிரீட் கட்டியை 28-ஆம் நாள் நசுக்கிப் பார்த்துத்தான் அதன் பலம் எவ்வளவு என்று எழுதுவார்கள். கான்கிரீட் வேலைக்கான ஐ.எஸ். 456 தரநிலையின் கணக்குப்படி, ஒரே தடவையில் 31 முதல் 50 கன மீட்டர் வரை ஊற்றினால் 4 மாதிரிகள் எடுக்க வேண்டும். ஒரு மாதிரிக்கு 3 கட்டிகள். சிக்கல் எங்கே என்றால், வேகமாக நடக்கிற சைட்டில் 28 நாளுக்குள் அதன் மேலே இரண்டு மூன்று தளங்கள் ஏறிவிடும். ரிசல்ட் கெட்டதாக வந்தால் எதை உடைப்பது? அதனால் 7-ஆம் நாள் கட்டியையும் நசுக்கி, முழு பலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மேலே போகிறார்கள். அந்த 7-ஆம் நாள் ரிப்போர்ட்டைப் படிக்காமல் ஃபைலில் போட்டுவிடும் சைட்டுகளும் இருக்கின்றன.

★

முட்டுக்கு வாடகை உண்டு. சென்ட்ரிங் ஷீட்டும் ஜாக்கியும் நாள் வாடகைக்கு வருகிற சாமான்கள். ஒரு நாள் முன்னால் பிரித்தால் கான்ட்ராக்டருக்கு ஒரு நாள் வாடகை மிச்சம். ஐ.எஸ். 456 சொல்வதோ வேறு: 4.5 மீட்டர் வரை அகலமுள்ள ஸ்லாபின் முட்டை 7 நாளுக்கு முன் எடுக்கக்கூடாது. அதைவிட அகலமானால் 14 நாள். 6 மீட்டருக்கு மேல் நீளமான பீமுக்கு 21 நாள். சைட் டைரியில் தளம் போட்ட தேதியையும் முட்டுப் பிரித்த தேதியையும் பக்கம் பக்கமாக எழுதினால் போதும், பாதி வண்டவாளம் வெளியே வந்துவிடும்.

★

1983 செப்டம்பர் 12. பெங்களூருவின் நடுவே கங்காராம் கட்டடம் என்ற, கட்டிக்கொண்டிருந்த அடுக்குமாடி இடிந்து விழுந்து 120-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நகரத்தின் மோசமான கட்டட விபத்து இன்றுவரை அதுதான். 41 வருடம் கழித்து, 2024 அக்டோபர் 22 அன்று, மழைக்கு நடுவே பாபுசாபாளையாவில் கட்டிக்கொண்டிருந்த அடுக்குமாடி ஒன்று சரிந்தது. அனுமதி வாங்கியதைவிட அதிக மாடிகள் எழுப்பியிருந்தார்கள். இறந்தவர்கள் அங்கே வேலை செய்துகொண்டிருந்த கூலித் தொழிலாளர்கள். மழையைக் குறை சொல்வது சுலபம். பெங்களூருவில் செப்டம்பர், அக்டோபரில் மழை கொட்டும் என்பது புதுச் செய்தி இல்லை.

★

வரைபடத்தில் இல்லாத பொருளும் ஆளைக் கொல்லும். 2023 ஜனவரி 10 அன்று நாகவாரா பக்கம் மெட்ரோ தூணுக்காக நிறுத்தி வைத்திருந்த கம்பிக்கூடு சாலையில் சாய்ந்து, இருசக்கர வண்டியில் போன ஒரு தாயும் சிறு குழந்தையும் இறந்தார்கள். அந்தத் தூண் முடிந்திருந்தால் பல தலைமுறை நின்றிருக்கும். கான்கிரீட் ஊற்றும்வரை கூட்டை இழுத்துப் பிடிக்க வேண்டிய தற்காலிகக் கட்டுகளில்தான் பிரச்சினை வந்தது. சாரம், முட்டு, இழுவைக் கம்பி, பள்ளத்தின் ஓரத் தடுப்பு எல்லாமே வேலை முடிந்ததும் காணாமல் போகிறவை. அதனாலேயே அவற்றுக்கென்று தனியாக ஒரு டிசைன், தனியாக ஒரு பொறுப்பாளர் என்று நல்ல நிறுவனங்கள் வைத்திருக்கின்றன.

★

விதான சௌதாவுக்கு நேரு அடிக்கல் நாட்டியது 1951 ஜூலை 13. அன்றைக்கு முதல்வர் கே.சி. ரெட்டி. மனதில் இருந்தது ஓர் எளிய கட்டடம். மறு வருடம் முதல்வரான கெங்கல் ஹனுமந்தையா அந்தத் திட்டத்தை ஓரம் கட்டினார். திராவிடக் கோயில் பாணியில், முழுக்கக் கருங்கல்லில், மேலே விமானம் வைத்த மாளிகை ஒன்றைக் கேட்டார். அரசுப் பொறியாளர் பி.ஆர். மாணிக்கம் தலைமையில் வேலை நடந்தது. மல்லசந்திரா, ஹெசரகட்டாவில் இருந்து கல் வந்தது. அலங்காரத்துக்கு மாகடியின் இளஞ்சிவப்புக் கல்லும் துருவேகெரெயின் கறுப்புக் கல்லும் சேர்ந்தன. சுமார் 5,000 தொழிலாளர்கள், அவர்களில் பெரும்பாலோர் சிறைக் கைதிகள். அவர்களோடு சிற்பிகளும் கொத்தனார்களும் மரவேலைக்காரர்களுமாக இன்னும் 1,500 பேர்.

செலவு சுமார் 1.8 கோடி ரூபாய். இன்று அதைக் கேட்டால் சிரிப்பு வரும். அன்று சட்டசபையில் புயல் அடித்தது, விசாரணைக் கமிட்டியும் போட்டார்கள். கட்டடம் முடிந்த அதே 1956-இல் ஹனுமந்தையாவின் பதவியும் போயிற்று. நடுவழியில் வேலையின் அளவை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு மேலாண்மை வகுப்பில் இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. ஆனால் அன்று கணக்குப் பார்த்து நிறுத்தியிருந்தால் பெங்களூருவுக்கு இப்படி ஒரு கட்டடம் இருந்திருக்காது என்பதும் உண்மை. இந்த ஒரு கட்டடத்துக்கு மட்டும் கணக்கர் தோற்றது நல்லது என்று எனக்குத் தோன்றும்.

★

தஞ்சைப் பெரிய கோயிலில் கட்டுமானத் தலைவரின் பெயர் கல்வெட்டிலேயே இருக்கிறது: குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சன். அவருக்கு அடுத்த நிலையில் நித்தவினோதப் பெருந்தச்சன், கண்டராதித்தப் பெருந்தச்சன் என்று இரண்டு பேர். யார் தலைமை, யார் துணை என்பது ஆயிரம் வருடம் கழித்தும் தெரிகிறது. நம் அபார்ட்மென்ட்டில் ஐந்து வருடத்துக்கு முன் யார் மேற்பார்வை பார்த்தார் என்று கேட்டுப் பாருங்கள்.

★

நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடம்: 102 மாடி, 1930 மார்ச்சில் ஆரம்பித்து 1931 மே 1-ஆம் தேதி திறந்தாயிற்று. ஒரு கட்டத்தில் வாரத்துக்கு நாலரை மாடி ஏறியது. ரகசியம் அவசரம் இல்லை. நடுநகரத்தில் சாமான் குவிக்க இடமில்லாததால், எந்த லாரி எத்தனை மணிக்கு வரும், எந்த மாடிக்குப் போகும் என்று அச்சடித்த அட்டவணை இருந்தது. மாடிகளுக்குள்ளேயே சின்னத் தண்டவாளம் போட்டு வண்டிகளில் சாமான்களைத் தள்ளினார்கள். மதியச் சாப்பாட்டுக்கு ஆட்கள் கீழே இறங்கி ஏறினால் நேரம் போகும் என்று மேல் மாடிகளிலேயே உணவுக் கடை வைத்தார்கள்.

★

‘கிரிட்டிக்கல் பாத்’ என்ற கணக்கு முறை 1957-இல் அமெரிக்காவின் டூபான்ட் ரசாயனக் கம்பெனிக்காக உருவானது. மார்கன் வாக்கர், ஜேம்ஸ் கெல்லி என்ற இருவரின் வேலை. விஷயம் இதுதான்: நூறு வேலைகள் நடந்தாலும், அவற்றில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த ஒரு சங்கிலி மட்டுமே முடிவுத் தேதியைத் தீர்மானிக்கும். அந்தச் சங்கிலியில் ஒரு வேலை ஒரு நாள் தள்ளிப்போனால் மொத்தக் கட்டடமும் ஒரு நாள் தள்ளிப்போகும். மற்ற வேலைகள் கொஞ்சம் தாமதமானாலும் குடி முழுகாது. எனவே நிர்வாகி எங்கே கத்த வேண்டும், எங்கே சும்மா இருக்கலாம் என்பதைக் காகிதமே சொல்லிவிடும்.

பெங்களூரு மஞ்சள் வழித்தட மெட்ரோவைப் பாருங்கள். ஆர்.வி. ரோட்டில் இருந்து பொம்மசந்திரா வரை 19 கிலோமீட்டர், 16 ஸ்டேஷன். தூண் நின்றது, தண்டவாளம் போட்டாயிற்று, ஸ்டேஷனுக்குப் பெயின்ட்டும் அடித்தாயிற்று. ரயில் பெட்டி வரவில்லை! 2025 ஆகஸ்ட் 10-இல் திறந்தபோது கையில் இருந்தவை 3 ரயில்கள். 25 நிமிடத்துக்கு ஒரு வண்டி. எலெக்ட்ரானிக்ஸ் சிட்டிக்கு வேலைக்குப் போகிறவர்கள் அத்தனை வருடமும் கீழே டிராஃபிக்கில் நின்றபடி தலைக்கு மேலே காலியாகக் கிடந்த பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தேவனஹள்ளி விமான நிலையத்துக்கும் முன்பு இதே கதை நடந்தது. 2005 ஜூலையில் வேலை ஆரம்பித்தது. பயணிகள் எண்ணிக்கை எதிர்பார்த்ததைவிட எகிறியதால் நடுவில் டிசைனைப் பெரிதாக்கினார்கள். அப்படியும் 2008 மார்ச் கடைசியில் திறக்கலாம் என்று தேதி குறித்தாயிற்று. விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு ஏற்பாடுகள் தயாராகாததால் மே 24 வரை இழுத்தது.

★

பையப்பனஹள்ளிக்கும் கே.ஆர். புரத்துக்கும் நடுவே சுமார் 2 கிலோமீட்டர் மட்டும் விட்டுப்போன மெட்ரோவும் பெங்களூருவில் ஓடியது. ஒயிட்ஃபீல்டு பகுதி 2023 மார்ச்சில் திறந்தது. நடுத்துண்டு அக்டோபரில்தான் சேர்ந்தது. ரயில்வே தண்டவாளத்துக்கு மேலே இரும்புப் பாலம் ஏற்றும் வேலை அங்கே இருந்தது. ரயில்வேயின் அனுமதி, ரயில்வே கொடுக்கிற நேரம் என்று எல்லாமே இன்னொருவர் கையில். அந்த ஆறு மாதமும் பயணிகள் ரயிலில் இருந்து இறங்கி, பஸ் ஏறி, மறுபடி ரயில் ஏறினார்கள்.

★

நம்ம மெட்ரோவின் சுரங்க இயந்திரங்களுக்குப் பெயர் வைப்பது வழக்கம். ஹெலன், மார்கரிட்டா, காவேரி, கிருஷ்ணா, கோதாவரி முதல் கட்டத்தில். ஊர்ஜா, அவனி, ருத்ரா, துங்கா, பத்ரா எல்லாம் அடுத்த கட்டத்தில். பெங்களூருவின் பூமிக்கடியில் ஒரு பக்கம் மண், ஒரு பக்கம் கடும்பாறை. பாறைக்கென்று செய்த பல் மண்ணில் சிக்கும், மண்ணுக்குச் செய்த பல் பாறையில் தேயும். கோதாவரி வெட்டும் முகப்பு பழுதாகி மாதக்கணக்கில் மண்ணுக்குள் நின்றது. எத்தனை துளை போட்டு மண் பரிசோதனை செய்தாலும் இரண்டு துளைக்கு நடுவே இருப்பது தோண்டினால்தான் தெரியும். அதற்கென்று நேரத்தையும் பணத்தையும் முதலிலேயே ஒதுக்கி வைக்காத ஒப்பந்தம் கடைசியில் கோர்ட்டில் போய் நிற்கும்.

33 கிலோமீட்டராகத் திட்டமிட்ட அந்த முதல் கட்டத்துக்கு 2006-இல் போட்ட மதிப்பீடு 6,395 கோடி ரூபாய். 2017 ஜூனில் 42 கிலோமீட்டராக வளர்ந்து முழுவதும் திறந்தபோது செலவு அதைப் போல இரண்டு மடங்கைத் தாண்டியிருந்தது.

★

ஈஜிபுரா மேம்பாலம். சுமார் இரண்டரை கிலோமீட்டர். 2017-இல் ஆரம்பம், 2019-இல் முடிய வேண்டியது. வேலை இழுத்து, கான்ட்ராக்டரை 2022-இல் நீக்கி, 2023-இல் புது ஆள் வந்தார். பாதியில் நின்ற வேலையை எடுப்பது புதிதாகக் கட்டுவதைவிடக் கடினம். பழையவர் எவ்வளவு செய்தார் என்று இரு தரப்பும் சேர்ந்து அளந்து எம்-புக் என்ற அளவுப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். மழையில் நின்ற கம்பியின் துருவைச் சோதிக்க வேண்டும். வார்த்துக் கிடக்கும் துண்டுகளைப் பயன்படுத்தலாமா என்று யாராவது கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்துக்கு யாரும் அவ்வளவு சுலபமாக முன்வர மாட்டார்கள்.

★

2024 மார்ச்சில் தண்ணீர்ப் பஞ்சம் முற்றியபோது, கட்டட வேலைக்குக் குடிநீரைப் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று பெங்களூரு குடிநீர் வாரியம் அறிவித்தது. சாதாரண சிமென்ட் கான்கிரீட்டைக் குறைந்தது 7 நாள் ஈரமாக வைத்திருக்க வேண்டும். ஃப்ளை ஆஷ் போன்றவை கலந்திருந்தால் 10 நாள். சுத்திகரித்த கழிவுநீரை டேங்கரில் வாங்கி, ஈரச்சாக்கு போர்த்தி, பூசினால் ஈரத்தைப் பிடித்து வைக்கும் ரசாயனத்தை அடித்து என்று சைட்டுகள் சமாளித்தன. தண்ணீருக்கும் அட்டவணை போட வேண்டிய ஊர் இது.

★

ஒரு காலத்தில் பெங்களூரு சைட்டுகளில் மேஸ்திரி தமிழ். தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கத்து ஆட்கள். இன்றும் பழைய மேஸ்திரிகள் இருக்கிறார்கள். கீழே வேலை செய்பவர்கள் ராய்ச்சூர், யாத்கிரியில் இருந்தும் பிகார், ஒடிசா, வங்காளத்தில் இருந்தும் வருகிறார்கள். காலையில் வேலை தொடங்கும் முன் ஐந்து நிமிடம் நிற்கவைத்து, இன்று எங்கே ஆபத்து என்று சொல்லும் வழக்கம் உண்டு. அதைக் கன்னடத்திலும் தமிழிலும் இந்தியிலும் சொல்லத் தெரிந்த சூப்பர்வைசர் கிடைத்தால் விடாதீர்கள்.

1996-இல் வந்த கட்டுமானத் தொழிலாளர் சட்டப்படி, முந்தைய 12 மாதத்தில் 90 நாள் வேலை செய்த 18 முதல் 60 வயதுக்குட்பட்டவர்கள் நலவாரியத்தில் பதிந்துகொள்ளலாம் என்று இருந்தது. அந்த நிதிக்குக் கட்டடச் செலவில் 1 சதவீதம் செஸ் வசூலிக்கப்பட்டது. பணம் சேர்ந்தது. சித்தாள் பெண்ணின் கையில் கார்டு இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

★

கடைசியாக, பெங்களூருவில் ஃப்ளாட் வாங்குகிறவர்களுக்கும் 30-க்கு 40 மனையில் சொந்தமாகக் கட்டுகிறவர்களுக்கும். ரியல் எஸ்டேட்டுக்கான 2016-இன் ரெரா சட்டப்படி, வாங்குகிறவர்கள் தரும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனி வங்கிக் கணக்கில் போட வேண்டும். இன்ஜினியர், ஆர்க்கிடெக்ட், ஆடிட்டர் மூவரும் சான்று கொடுத்தால், வேலை முடிந்த அளவுக்குத்தான் அதை எடுக்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை முன்னேற்றத்தை வெளியிட வேண்டும். கர்நாடக ரெரா தளத்தில் யாரும் அதைப் பார்க்கலாம். கட்டமைப்பில் குறை இருந்தால் ஒப்படைத்த நாளில் இருந்து 5 வருடம் பில்டர்தான் பொறுப்பு.

சொந்த வீடு கட்டுகிறவருக்கு ரெரா இல்லை, நீங்கள்தான் மேனேஜர். மேஸ்திரியிடம் கூலியைப் பேரம் பேசுவதில் போகிற நேரத்தில் பாதியை இதற்குக் கொடுங்கள்: ஒரு நோட்டு வாங்கி, தளம் போட்ட தேதி, முட்டுப் பிரித்த தேதி, தண்ணீர் விட்ட நாட்கள் என்று மூன்று பத்திகளாகக் கோடு போட்டுத் தினமும் எழுதுங்கள். ரெடிமிக்ஸ் சலான்களை அதிலேயே பின் போட்டு வையுங்கள். 7-ஆம் நாள் கட்டி ரிப்போர்ட் வராமல் அடுத்த தளத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள்.